ரெண்டு லைனுக்கும் தெரிஞ்ச சங்கதி

வாடா சாமி, ஒக்காரு. சட்டைய இன் பண்ணுனவன் திண்ணைல ஒக்காரக்கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்ல. கழுத்துல தொங்கற அந்த அட்டையக் கழட்டி வெச்சுரு. ஞாயித்துக்கெழமைல நம்மூட்டு நாயி அடையாள அட்டை கேக்காது.

உங்கம்மா போன்ல சொன்னா. பையனுக்கு மேனேஜர் போஸ்ட்டு குடுத்துட்டாங்க, ரெண்டு லைனு, அறுவது பேரு அவனுக்குக் கீழன்னு. கீழயா பக்கத்துலயான்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பெத்தவ சந்தோசத்துல எதுக்கு மண்ணள்ளிப் போடறதுன்னு உட்டுட்டேன்.

இப்ப நீ என்னடான்னா, "அப்புச்சி, என்னயப் பத்தி நானே தெரிஞ்சுக்கோணும், கம்பெனில டிரெய்னிங் எல்லாம் குடுத்தாங்க, அப்பவும் ஒண்ணும் புரியல"ன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்து நிக்கற. உன்னயப் பத்தித் தெரிஞ்சுக்க எதுக்குடா டிரெய்னிங்கு? கம்பெனிக்கு எதுத்தாப்ல இருக்கற பேக்கரில, பதினோரு மணி டீக்கு, செவுத்தப் பாத்து ஒக்காந்தா பத்தே நிமிசத்துல பாடம் முடிஞ்சுரும். ஆனா உன்னால முடியாது. நீ உள்ள நொழஞ்சா எல்லாரும் மழையப் பத்திப் பேச ஆரம்பிச்சுருவாங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்காரன் மழைக்காக இத்தன கவலப்பட்டு நீ எப்பவாச்சும் பாத்திருக்கறயா?

நான் தெனமும் அங்கதான் ஒக்காந்திருக்கறேன். கட்டிங் டேபிள்ல நின்னு நின்னே தலை நரைச்சவன், ஊட்டுல இருக்கச் சொன்னா இருப்பனா? கெழவனுக்குக் காது கேக்காதுன்னு அங்க ஒரு பேச்சு இருக்குது. நானும் அத மறுத்துச் சொல்லல. அதுல ஒரு சவுரியம் இருக்குது.

அந்த டிரெய்னிங்ல ஏதோ ஜன்னலு போட்டுக் காட்டுனாங்கன்னயே, அத உன்ற தங்கச்சி எனக்கு வெவரமாச் சொன்னா. 1955-ல அமெரிக்காவுல ஜோசப் லுப்ட்டு, ஹாரி இங்காம்னு ரெண்டு மனோதத்துவக்காரங்க போட்ட ஜன்னலாமா அது. ஜோவையும் ஹாரியையும் ஒட்டவெச்சு ஜோஹாரி ஜன்னல்னு பேரு உட்டுட்டாங்க. நம்மூர்ல அண்ணன் தம்பி சேந்து கம்பெனி ஆரம்பிச்சாலும் பேரு இப்பிடித்தான் வெக்கறாங்க. அதுல இருந்து எனக்கு அந்த ரெண்டு பேரு மேலயும் ஒரு பாசம் வந்துருச்சு.

ஜன்னலுக்கு நாலு கண்ணாடி. ஒண்ணு, உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இன்னொண்ணு, உனக்கு மட்டும் தெரியும், ஊருக்குத் தெரியாம மறைச்சு வெச்சிருக்கற. அப்பறம் ஒண்ணு, ஊருக்கெல்லாம் தெரியும், உனக்குத்தான் தெரியாது. கடைசிக் கண்ணாடி யாருக்குமே தெரியாது, அதக் கருப்பராயன் பாத்துக்கட்டும்.

நீ என்ன பண்றயின்னா, அந்த மறைச்சு வெச்ச கண்ணாடியவே தொடச்சுட்டு ஒக்காந்திருக்கற. "எனக்கு உள்ளுக்குள்ள பயமா இருக்குது அப்புச்சி, தெரியாததத் தெரிஞ்சாப்ல காட்டிக்கறேன்"னு எங்கிட்ட வந்து குசுகுசுன்னு சொல்ற. கண்ணு, அது ரகசியம்னு உனக்கு யாரு சொன்னது? எவனாச்சும் வந்து தெரியாத கேள்வி ஒண்ணு கேட்டா, நீ உடனே போன எடுத்துக் காதுல வெச்சு "ஆங், சொல்லுங்க சார்"ங்கற. போனு அடிக்கவே இல்லன்னு கைமடிக்கற புள்ளைக்குக் கூடத் தெரியும். அன்னைக்கு நீ அப்பிடிப் பேசீட்டு இருக்கறப்பவே நெசமா ஒரு போனு வந்து காதுலயே அடிச்சுதாமா. நீ தெகச்சுப் போயி நின்னதையெல்லாம் ஒரு டைலரு எந்திரிச்சு நின்னு நடிச்சுக் காட்டுனான், நான் டீயச் சட்டைல ஊத்திக்கிட்டேன்.

அத உடு. உனக்குத் தெரியாத கண்ணாடிக்கு வருவோம்.

வெசாழக்கெழமை என்ன பண்ணுன? பேட்லாக்ல அந்த ஒடிசாக்காரப் பையன் டீசர்ட்டுக்கு பாட்டம் மடிச்சுட்டு இருந்தான். மெதுவா அடிச்சான். நீ பின்னால நின்னு பாத்த, வாச்சப் பாத்த, டார்கெட் போர்டப் பாத்த. பொறுக்கல. "நகுரு"ன்னு அவன எழுப்பி உட்டுட்டு நீயே ஒக்காந்துட்ட. அடிச்ச பாரு, சும்மா சொல்லக்கூடாது, உன்ற கைக்கு அந்த மெசினு அடங்கும். செக்கிங் லேடீஸ் கூடத் திரும்பிப் பாத்தாங்களாமா. உனக்கும் உள்ளார குளுகுளுன்னு இருந்திருக்கும். இல்லேங்காத.

நீ அங்க ஒக்காந்திருந்த அந்த ஒரு மணி நேரத்துல மிச்சமெல்லாம் என்ன ஆச்சுன்னு கேளு. ஓவர்லாக்ல வேற ஷேடு நூல மாட்டிட்டான் ஒருத்தன், கை வெக்கற ஜாயிண்டெல்லாம் அதுலயே ஓடிப்போச்சு. கழுத்து ரிப்பு வந்து சேரலன்னு நாலு பேரு சும்மா ஒக்காந்து ரீல்ஸ் பாத்தாங்க. மேல ஆபீஸ்ல இருந்து மெர்ச்சண்டைசர் புள்ள ரெண்டு தடவ எறங்கி வந்து உன்னத் தேடீட்டுப் போச்சு. அப்ப நீ அடிச்சுத் தள்ளுன பீஸெல்லாம்? செக்கிங் டேபிள்ல குமிஞ்சு கெடந்துச்சு. செக்கிங்ல இருக்கறது ரெண்டே பேரு. நீ எத்தன வேகமா அடிச்சாலும் அவங்க கையி போற வேகத்துக்குத்தான் பீஸு பொட்டிக்குள்ள போகும். ஒரு லைனு எப்பவுமே அதுல இருக்கற மெதுவான கையோட வேகத்துலதான் ஓடும். இது உனக்குத் தெரியாததா? டிப்ளமால படிச்சிருப்ப.

தெரிஞ்சும் ஏன் போயி ஒக்காந்த? நான் சொல்றேன். டைலரா இருந்தப்ப பொழுதோட பீஸ எண்ணிப் பாத்தா இன்னைக்கு என்ன கிழிச்சோம்னு தெரிஞ்சுரும். மேனேஜருக்கு எண்ணறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஒன்றரை ஷிப்ட்டு காலு தேய நடந்துட்டு ஊட்டுக்குப் போறப்ப, என்ன வேலை செஞ்சோம்னு கையக் காட்டிச் சொல்ல முடியாது. அந்தப் புழுக்கம் தாங்காமத்தான் மெசினப் பாத்து ஓடற. பேக்கரில இதுக்குத் தனியா ஒரு பேச்சே இருக்குது. "மேனேஜரு பயந்துட்டாரு போல, மெசினுக்குப் போயிட்டாரு"ங்கறாங்க.

அந்தப் பையன் சங்கதி இன்னும் முடியல. அவன் ஏன் மெதுவா அடிச்சான்னு கேட்டயா? கேக்கல. போன வாரம் பாட்டம் அலையடிக்குதுன்னு அவன் காதுல போயி "மெல்ல அடி, மெல்ல அடி"ன்னு கத்துனது யாரு? நீதான். அவனுக்குத் தமிழ் அரைகொறை, ஆனா "மெல்ல" தெரிஞ்சிருக்குது. சொன்ன பேச்சக் கேட்டவன எழுப்பி நிக்க வெச்சுட்டு, அறுவது பேருக்கு முன்னால நீ வேகத்தக் காட்டுன. அவன் கையக் கட்டீட்டு உன்ற முதுகுக்குப் பொறத்தால நின்னுட்டு இருந்தான். பேக்கரிக்கு வந்து பன்னுகூட வாங்கல, வெறும் டீயக் குடிச்சுட்டுப் போயிட்டான்.

இதுல உன்ன மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்றது? நல்லா அடிக்கறவனப் புடிச்சு மேனேஜர் ஆக்கறது உலகம் பூராவும் நடக்கறதுதான். லாரன்ஸ் பீட்டர்னு ஒரு வாத்தியாரு, ரேமண்ட் ஹல்லுன்னு ஒரு எழுத்தாளரோட சேந்து 1969-ல இத வெச்சே ஒரு புஸ்தகம் போட்டிருக்கறாரு. கெட்டிக்காரனா இருக்கறவன ஒவ்வொரு படியா ஏத்தீட்டே போவாங்களாமா. எந்தப் படில அவனுக்கு வேலை புடிபடலயோ அந்தப் படில வந்து நின்னுக்குவானாமா. அதுக்கப்பறம் மேல ஏத்தவும் மாட்டாங்க, கீழ எறக்கவும் மாட்டாங்க. அந்தூர்ல அதுக்குப் புஸ்தகம் போட்டாங்க. நம்மூர்ல ஆயுதபூஜையன்னைக்குக் கழுத்துல பெரிய மாலையாப் போட்டு, மெசினுக்குப் பக்கத்துல நிக்க வெச்சுப் போட்டோ எடுத்தாங்க. போட்டோ நல்லாத்தான் இருக்குது. உங்கம்மா பிரேம் போடக் குடுத்திருக்கறா.

"நான் எல்லார்கிட்டயும் பிரண்ட்லியாத்தான் அப்புச்சி இருக்கறேன், நான் ஜோக்கு சொன்னா லைனே சிரிக்குது"ங்கற. டைலரா இருந்தப்பவும் இதே ஜோக்கத்தானே சொல்லீட்டு இருந்த? அப்ப எவனாச்சும் சிரிச்சானா? ஜோக்கு மாறல சாமி. சம்பள ஷீட்டுல போடற கையெழுத்துதான் மாறியிருக்குது.

அந்த வாட்ஸப்பு கூத்து வேற. ராத்திரி பதினோரு மணிக்கு மூணு நிமிசத்துக்கு வாய்ஸ் மெசேஜு உடற. ஷிப்மெண்டு, குவாலிட்டி, குடும்பம் மாதர ஒத்துமையா இருக்கோணும், எல்லாம் சரி. உட்ட மூணாவது செகண்டுல வரிசையாக் கட்டவெரலு வந்து உழுகுது. நீ சந்தோசமாத் தூங்கப் போயிருவ. மூணு நிமிசப் பேச்ச மூணு செகண்டுல கேக்கறதுக்கு அவங்க காதுல என்ன மோட்டாரா மாட்டியிருக்குது?

சத்தமே இல்லீன்னா எல்லாம் சரியா இருக்குதுன்னு மட்டும் நெனச்சுக்காத. 1984-ல பஞ்சப்படி கேட்டு இந்தூர்ல 127 நாளு ஸ்ட்ரைக் ஓடுச்சு. நீயெல்லாம் அப்பப் பொறக்கல, உங்கம்மாவே சின்னப்புள்ள. அதுக்கு முந்துன வாரம் நான் வேலை செஞ்ச எடத்துல ஒரு சூப்பர்வைசரு மொதலாளிகிட்டப் போயி, "நம்ம கம்பெனில எல்லாரும் சந்தோசமா இருக்கறாங்க, ஒருத்தனும் வெளிய போக மாட்டான்"னு அடிச்சுச் சொல்லீட்டு வந்தாரு. பேரு வேண்டாம், பின்னால ஒறம்பரை ஆயிட்டாங்க. மறுவாரம் கேட்டுக்கு வெளிய கூடுன கூட்டத்துல மொத வரிசைல கொடியப் புடிச்சுட்டு நின்னவன் அவரு கூடப் பொறந்த தம்பி. ஒரே சட்டிச் சோறு திங்கறவன். ஒரு வார்த்தை சொல்லல. ஏண்டான்னு நான் அவனக் கேட்டேன். "அண்ணன் ஊட்டுக்கு வந்தா அவரே பேசீட்டு இருப்பாரு, எடையில எங்க சொல்றது"ன்னான்.

எங்கய்யன் காலத்துல தோட்டத்துல கவலை ஓட்டுவாங்க. மாடு பள்ளத்தப் பாத்து எறங்கும், ஓட்டறவன் வடத்து மேல ஒக்காந்து அதுக கூடவே போவான். கெணறு அவன் முதுகுக்குப் பொறத்தால. சாலு நெறஞ்சு ஏறுச்சா, ஓட்டை வழியா ஒழுகீட்டுப் பாதிதான் வந்துச்சான்னு அவனுக்குக் கண்ணுல தெரியாது. தண்ணி வந்து கொட்டற சத்தத்த வெச்சுத்தான் கணக்குப் போடுவான். எங்கய்யன் பாட்டுப் பாடீட்டே ஓட்டுவாரு, ஆனா தண்ணி கொட்டற நேரத்துல பாட்டு நின்னுரும். உன்ற வேலையும் அதுதாண்டா. நீ பாடறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.

எந்தச் சத்தத்தக் கேக்கறதுங்கறயா? ஊசி ஒடையறத எடுத்துக்க. ஒடஞ்ச துண்டப் பூராவும் பொறுக்கி ரெஜிஸ்டர்ல ஒட்டுனாத்தான் புது ஊசி குடுப்பாங்க. ஒரு துண்டு காணோம்னா அந்தக் கட்டு பீஸு மொத்தமும் தனியா போயி மெட்டல் டிடெக்டர்ல ஏறி எறங்கோணும். எக்ஸ்போர்ட் கம்பெனில இது எல்லாருக்கும் தெரியும். அப்பிடி ஒரு துண்டு காணாமப் போனா அந்தச் சேதி உனக்கு எப்பிடி வருது? அடிச்ச டைலரே எந்திரிச்சு வந்து சொல்றானா, இல்ல மெக்கானிக்கு, அங்கிருந்து கைமடி, அங்கிருந்து செக்கிங்குன்னு ஊரச் சுத்தீட்டு மத்தியானத்துக்கு மேல வருதா? சுத்தீட்டு வருதுன்னா போன தடவ நேரா வந்து சொன்னவன நீ கொதறியிருக்கற. அவன் மறந்தாலும் ரெண்டு லைனும் மறக்காது.

கோவத்தப் பத்தி டைரி எழுதச் சொன்னாங்களா? எழுது, வேண்டாங்கல. ஆனா எழுதறவனும் நீ, படிக்கறவனும் நீ, தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும்னு நான் சொல்லித்தான் தெரியோணுமா? "இன்னைக்குக் கோவம் வந்துச்சு, கட்டுப்படுத்திக்கிட்டேன்"னு எழுதுவ. நேரத்த எழுதுடா. எத்தன மணிக்குக் கத்துன, அதுக்கு எத்தன நிமிசம் முந்தி மேல ஆபீஸ்ல உனக்கு உழுந்துச்சு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுது. மேல பதினொண்ணுக்கு உழுகறது கீழ பதினொண்ணேகாலுக்கு எறங்குது. மேல மீட்டிங்கு எப்ப முடிஞ்சுதுன்னு தெரிஞ்சுக்க லைன்ல எவனும் கடியாரம் பாக்கறதில்ல. உன்ற செருப்புச் சத்தமே போதுமாமா.

வள்ளுவரு அரசியல்னு 25 அதிகாரம் எழுதி வெச்சாரு. அதுல ஒண்ணு பெரியாரைத் துணைக்கோடல். இடிச்சுச் சொல்ற ஆளப் பக்கத்துல வெச்சுக்காத ராசாவுக்கு எதிரியே தேவையில்ல, தானாக் கெட்டுப் போவான்னு அதுல சொல்றாரு. நீயும் ரெண்டு லைனுக்கு ராசாதான், ஆளு வெச்சிருக்கறயா? வெச்சிருந்த. செக்கிங்ல ஒரு அக்கா இருக்குதே, மூக்குக் கண்ணாடியக் கயித்துல கட்டித் தொங்க உட்டிருக்குமே, அது. போன மாசம் எல்லாரு முன்னாலயும் "தம்பி, இந்தக் கட்டுல நெஞ்சளவு அரை இஞ்சு கம்மியா இருக்குது"ன்னுச்சு. நீ என்ன சொன்ன? "அது எனக்குத் தெரியும்"ன. உனக்குத் தெரியாதுன்னு அந்தக்காவுக்கும் தெரியும். அன்னைல இருந்து அளவு மாறுனா பீஸத் தனியா எடுத்து வெச்சுட்டு அது பாட்டுக்கு இருக்குது, வாயத் தெறக்கறதில்ல. ரெண்டு லைன்லயும் அளவுக்கு அந்தக்கா கண்ணுதான் கண்ணு. அத நீயே மூடி உட்டுட்ட.

இப்ப என்ன கேட்ட? "யாரு அப்புச்சி இதையெல்லாம் வந்து சொல்றது?"ன்னா? பாத்தயா. இத்தன நேரம் நான் சொன்னது நெசமா பொய்யான்னு ஒரு கேள்வி கேக்கல. அவன் பேரு வேணும் உனக்கு. திங்கக்கெழமை காலைல அவன் மூஞ்சியப் பாக்காமயே போவ, அப்பறம் அவன் பேக்கரிலயும் பேச மாட்டான். அதோட என்ற பொழப்பும் போச்சு. எனக்குக் காது கேக்காது சாமி, யாரு பேசுனாங்கன்னு எனக்கெப்பிடித் தெரியும்?

வந்ததுக்கு ஒரு வேலை சொல்றேன், செய்யறயா பாரு. சனிக்கெழமை சம்பளம் போட்டு முடிச்சு கூட்டம் கலையறப்ப அந்தச் செக்கிங் அக்காகிட்டப் போ. ஆபீஸ் ரூமுக்குக் கூப்படாத, கூப்புட்டா வேலைய உட்டு எடுக்கறாங்கன்னு பயந்துக்கும். அது இருக்கற எடத்துக்கு நீ போ. "நான் எப்பிடீக்கா இருக்கறேன்"னு கேட்டா "உங்களுக்கென்ன தம்பி, தங்கமாட்ட இருக்கறீங்க"ன்னு முடிச்சுட்டுப் பஸ்ஸப் புடிக்கப் போயிரும். அப்பிடிக் கேக்காத. "நான் பண்றதுல உங்க வேலைக்கு எடஞ்சலா இருக்கறது ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா"ன்னு கேளு. ஒண்ணு போதும். கேட்டுட்டு வாயப் பொத்திக்க.

மொத தடவ "ஒண்ணும் இல்லீங்க தம்பி"ங்கும். சித்த நேரம் அங்கயே நில்லு. உனக்கு அதுதான் கஷ்டம், எதையாச்சும் பேசி நெரப்போணும்னு நாக்கு அரிக்கும், போன எடுத்துக் காதுல வெக்கலாம்னு கையி போகும். நில்லு. அது சொல்லும். சொல்லி முடிச்சதும் "இல்லக்கா, அது எதுக்குன்னா"ன்னு ஆரம்பிச்சயின்னா அத்தோட முடிஞ்சுது. சரிங்க்கான்னு வந்துரு. திங்கக்கெழமை அந்த ஒண்ண மட்டும் மாத்து. மாத்துனத குரூப்புல வாய்ஸ் மெசேஜாப் போட்டுத் தொலைக்காத. அந்தக்கா நெஞ்சளவுல அரை இஞ்சு கண்டுபுடிக்கற ஆளு, நீ மாறுனதக் கண்டுபுடிக்காதா? அடுத்த வாரம் அதுவா உன்ன நிறுத்தி ரெண்டாவது சேதியச் சொல்லும். சொல்லலீன்னா நீ மாத்தலீன்னு அர்த்தம்.

ஒடிசாப் பையனுக்கும் ஒரு பன்னு பாக்கி இருக்குது. அத எப்பிடிக் குடுக்கறதுன்னு நீயே யோசி. எல்லாரு முன்னாலயும் எழுப்பி உட்டவன், ஆளில்லாத எடத்துல தோளத் தட்டுனாக் கணக்கு நேராகாது.

கெளம்பறயா? இரு, அம்மாயி முருங்கைக்காய் கட்டி வெச்சிருக்கறா, எடுத்துட்டுப் போ. போற வழில பேக்கரில என்ற கணக்க முடிச்சுரு. மேனேஜரப் பெத்தவளப் பெத்தவன் கடன் வெச்சிருக்கறான்னு பேரு வேண்டாம்.

அப்பறம் இன்னொண்ணு. உன்ற வாட்ஸப்பு குரூப்பு இருக்குதில்ல, பேமிலின்னு பேரு வெச்சது? அதே ஆளுகளோட இன்னொரு குரூப்பும் ஓடுது, நீ மட்டும் இல்லாம. மூஞ்சி ஏன் சுருங்குது? அதக் கண்டுபுடிச்சு உள்ள நொழையலாம்னு மட்டும் நெனக்காத. நொழஞ்சா அவங்க மூணாவது ஒண்ணு ஆரம்பிப்பாங்க, எனக்குத்தான் மறுபடியும் எல்லாம் மொதல்ல இருந்து வெசாரிக்கோணும். குரூப்போட பேரெல்லாம் நான் சொல்ல மாட்டேன். போட்டோ வேண்ணா சொல்றேன். உன்ற ஆயுதபூஜை போட்டோதான். மெசின வெட்டி எறிஞ்சுட்டு, உன்ற மூஞ்சியும் அந்த மாலையும் மட்டும் தெரியறாப்ல வெச்சிருக்கறாங்க. உங்கம்மாகிட்டச் சொல்லீராத, பிரேமுக்குக் குடுத்த காசு வீணாப் போயிரும்.